நீல ஏப்ரனில் ஒரு மஞ்சள் பொட்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த சமயத்தில், கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஆயாக் கொட்டாயில் இது நடந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் தாமானுக்குக் குடிவந்த பிறகு கட்டடம் சும்மா கிடந்தது. நாங்கள் சிலர் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, பண்பாட்டு மையம் என்று பலகை மாட்டினோம். சனி, ஞாயிறு திறந்திருக்கும். சாவி என்னிடம் இருக்கும். மற்ற நாட்களில் நான் புஞ்சாக் ஆலாமில் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுத்தப் பைத்தியம். மையத்துக்கு யார் எந்தப் பழைய பொருளைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதை அன்றைக்கே தேய்த்துக் கழுவி மினுக்கிவிடுவேன். பால் வாளி, வெட்டுக் கத்தி, அம்மிக்குழவி எதுவும் என்னிடம் தப்பாது. துருப்பிடித்து வந்த அரிக்கேன் விளக்கைப் பார்த்து, “கடையில வாங்கினதா?” என்று ஒருவர் கேட்டார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, மின்மினிப் பூச்சி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, வழியில் எங்கள் பலகையைப் பார்த்து உள்ளே வந்தார். ஹங்கேரிக்காரர். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் சில மாதம் பாடம் நடத்த வந்திருந்தார். ஆனால் ஹங்கேரிக்காரர் என்று நான் சொன்னதும் திருத்தினார். பிறந்தது ஹங்கேரி, ஆனால் அவர்கள் சுலோவாக் சனம், பல தலைமுறைக்கு முன் பிழைப்புக்காக அங்கே போய்க் குடியேறியவர்கள். வீட்டில் சுலோவாக் பேச்சு, கடைத்தெருவில் ஹங்கேரியப் பேச்சு. அவருடைய கிராமத்திலும் ஒரு பழைய வீட்டை இதே போல வைத்திருக்கிறார்களாம். தங்கள் உடை, தையல், அச்சுச் சாயத் துணி, கல்யாணச் சடங்கு எல்லாம் அந்த வீட்டில் இருக்கிறதாம். அதுவும் ஊர்க்காரர்களே மாறி மாறித் திறந்து பார்த்துக்கொள்வதுதான்.

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் தமிழ், கடையில் மலாய் என்று வளர்ந்தவள் நான். அரைகுறை இங்கிலீஷில் இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் மறுபடி மறுபடி வந்தார். தோரணம் பின்னக் கற்றுக்கொண்டார். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, தங்கள் வீட்டிலிருந்து ஒரு துணியை இரவலாகக் கொண்டுவருகிறேன், உங்கள் துணிகளோடு சேர்த்து ஒரு ஞாயிறு மக்களுக்குக் காட்டலாம் என்றார்.

அந்தத் துணி ஓர் ஏப்ரன். நம் ஊர்ச் சமையலறை ஏப்ரன் இல்லை, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பாவாடைமேல் கட்டுவது. அவுரிச் சாயத்தில் முக்கியெடுத்த கருநீலம். முக்குவதற்கு முன் மர அச்சில் ஒரு பசையைத் தொட்டுக் குத்துவார்களாம், பசை இருந்த இடத்தில் நீலம் பிடிக்காமல் கடுகளவு வெள்ளைப் பூ நிற்கும். அவ்வளவு பழைய துணி இன்னும் மெழுகு தேய்த்தது போலப் பளபளத்தது.

அதைக் கையில் கொடுக்கும் முன் ஒரு தாளை நீட்டினார். மூன்றே விதி. வெறுங்கையால் தொடக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. வெயில் படக் கூடாது. அவருடைய ஊரில் சிலருக்கு இதை அனுப்பச் சம்மதமே இல்லையாம். எங்கோ இருக்கும், யாரென்றே தெரியாத ஆட்களிடம் ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான், நான் பொறுப்பு என்று இவர் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மூன்று விதியையும் ஒரே வாரத்தில் மீறினேன். எப்படி என்று சொல்கிறேன்.

ஏப்ரனுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, துணிகளைக் காட்டும் ஞாயிறன்று மையத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சேலை கட்ட வேண்டும் என்பது என் ஏற்பாடு. கிள்ளானிலிருந்து பதினான்கு சேலை வந்தது. முதல் நாள் சனிக்கிழமை அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கி, மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுத் துணிக்கு மூலையில் மஞ்சள் வைக்காமல் நாங்கள் யாரும் கட்ட மாட்டோம். எனக்குத் துணைக்கு ஓர் அக்கா இருந்தார். ரவாங்கில் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மையத்தில் என் வலது கை. சேலையின் நீலமும் ஏப்ரனின் நீலமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, அவர் ஏப்ரனை அது சுற்றியிருந்த தாளிலிருந்து எடுத்து வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறார். பூ கெடாமல் இருக்க உட்புறம் வெளியே தெரியும்படி மடித்த துணி அது. உட்புறத்தில் பூ கிடையாது, வெறும் நீலம். மூலை மட்டும் லேசாகப் புரண்டிருந்தது.

நான் மையத்தின் தலைவரோடு போனில் பேசிக்கொண்டே மஞ்சள் வைத்துக்கொண்டு வந்தேன். நாற்காலி எத்தனை, லோரி எத்தனை மணிக்கு வரும் என்று வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பதினான்கு வைத்தேன், பதினைந்தாவதும் வைத்தேன். விரலை எடுக்கும்போதுதான் துணி சேலை போல இல்லையே, விறைப்பாக இருக்கிறதே என்று பட்டது. குனிந்து பார்த்தேன். புரண்டிருந்த அந்த மூலையில், நான்கைந்து வெள்ளைப் பூக்கள் பளிச்சென்ற மஞ்சளில் நின்றன.

போனைக்கூட வைக்காமல் பின்பக்கக் குழாயடிக்கு ஓடி, துணி சோப்பைத் தொட்டு மூலையில் தேய்த்தேன். மஞ்சள் ரத்தம் போலச் சிவந்தது.

ஆயுசு முழுக்க மஞ்சளில் சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைத்தவள் நான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பயத்தில் இருக்கிறவளுக்குத் தெரிந்தது ஒன்றும் கைக்கு வருவதில்லை. அலச அலசச் சிவப்பு இறங்கியது. மஞ்சள் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் அகலமாகப் பரவி அப்படியே நின்றது.

அக்கா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“அழுவாத லா. மூலைய உள்ள வச்சி மடிச்சிட்டா யாரு பாக்கப் போறாங்க?”

“அந்தம்மா பாக்குமே அக்கா.”

“அடுத்த சனிக்கெழமதான எடுத்துட்டுப் போவுது? நடுவுல ஒரு நாளு வெயில்ல போடு. மஞ்சளு பறந்துரும்.”

அதுவும் உண்மைதான். மஞ்சள் கறை சோப்புக்குப் போகாது, வெயிலுக்குப் போகும். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. கை தவறி மஞ்சள் வைத்ததைத் தப்பு என்று சொல்லலாம். மறைக்கலாம் என்று முடிவு செய்தது நானாகச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நன்றாக வந்தது. தஞ்சோங் காராங்கிலிருந்துகூட ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஏப்ரன் கண்ணாடிப் பெட்டிக்குள் மூலை மடிந்து கிடந்தது. அந்தப் பெண்மணி நாங்கள் கட்டியிருந்த அதே நீலச் சேலையில், தலையில் மல்லிகைப்பூவோடு வந்து நின்று, தன் ஊர்த் துணியைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் இருப்பதைவிட இங்கே பத்திரமாக இருக்கிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோறு இறங்குமா? அன்றைக்கு விருந்தில் நான் பாயசத்தைக்கூடத் தொடவில்லை.

அவர் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து ஏப்ரனை எடுத்துப் போவதாகப் பேச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே மழை. அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர், வீட்டில் துணி காயப்போட்டு வந்தீர்களா என்று கேட்டார். அவர் கேட்டது விளையாட்டுக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியைக் கெடுத்ததைவிட, நான் பொறுப்பு என்று சொல்லி எங்களுக்காக வாதாடிய ஒருத்தியின் முகத்தில் கரி பூசப்போகிறேனே என்பதுதான் அரித்தது. கொடுக்காதே என்று சொன்னவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு மேகம் விலகியது. சுள்ளென்று வெயில். நான் பின்வாசல் சிமெண்டுத் தரையில் பெட்ஷீட் விரித்து, ஏப்ரனைப் போட்டு, நீலம் வெளுக்காமல் இருக்க அதன்மேல் முழுக்கப் பத்திரிகைத் தாளைப் பரப்பி, ஓரத்துக்கு ஓரம் கல் வைத்து, அந்த மூலையை மட்டும் வெயிலுக்குத் திறந்துவிட்டேன். பக்கத்திலேயே குடையோடு உட்கார்ந்துகொண்டேன். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. இரண்டு மணிக்கெல்லாம் பாதி போய்விட்டது. இன்னும் இரண்டு மணி நேரம், கடவுளே, இன்னும் இரண்டே மணி நேரம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

“ஹலோ அக்கா” என்று பின்னால் குரல் கேட்டது. எங்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அக்கா. வரவேண்டிய வண்டி சீக்கிரமே கிடைத்துவிட்டதாம், மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

நான் எழுந்து மறைக்கப் பார்த்தேன். எதை மறைப்பது? தரையில் கல், தாள், நடுவில் அவருடைய துணி. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். பிறகு, ஆனது ஆகட்டும் என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். மஞ்சள், சோப்பு, மூலை மடிப்பு, வெயில் எதையும் விடவில்லை. அக்கா சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. மடித்தது என் கைதானே.

அவர் சிரித்து மன்னித்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது அது இல்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, துணியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே, ஞாயிறு நான் உங்கள் கையைப் பிடித்தேனே என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு போனை எடுத்து ஊருக்கு அழைத்தார். அங்கே அப்போது காலை நேரம். அந்த வீட்டின் சாவியை வைத்திருப்பவரிடம் பேசப்போகிறேன், இதை இரவல் கொடுக்க ரொம்பவும் யோசித்தவரே அவர்தான் என்றார். யாரோ பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரையில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். சீருடையில், நிறுத்தியிருந்த பஸ்ஸில் சாய்ந்துகொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். வேலை இல்லாத நாட்களில் அந்த வீட்டைத் திறப்பவர். அங்கேயும் என்னைப் போல ஓர் ஆள்.

இருவரும் அவர்கள் மொழியில் பேசினார்கள். டிரைவரின் குரல் உயர்ந்தது. கறையைக் காட்டச் சொன்னார். பெண்மணி காட்டினார். பிறகு டிரைவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார். எதற்காக மஞ்சள் வைப்பீர்கள்?

கட்டுகிறவர்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று புதுத் துணிக்கு வைப்போம் என்றேன்.

இது புதுத் துணி இல்லையே, என் பாட்டன் காலத்துத் துணியாயிற்றே என்றார் அவர்.

எனக்கு அப்போது எங்கிருந்து அந்தப் பதில் வந்ததோ தெரியவில்லை. “எங்க வீட்டுக்கு அது புதுசுதானே” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அது மொழி மாறி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கோப்பியைப் பஸ் படியில் வைத்தார். ஏப்ரனின் இடுப்புப் பட்டியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அங்கே சிறிதாக ஒரு பழுப்புத் தழும்பு. நான் முதல் நாளே பார்த்திருந்தேன். அந்த மூன்று விதி இல்லாவிட்டால் அன்றைக்கே அதைத் தேய்த்திருப்பேன்.

கல்யாணத்தன்று காலையில் அவசரமாக இஸ்திரி போட்ட ஒரு பெண் சுட்டுவிட்ட இடமாம் அது. அவள் பெயர், அவள் வீடு எல்லாம் அந்த வீட்டுப் பேரேட்டில் எழுதியிருக்கிறதாம். யார் செய்தது, ஏன் செய்தது என்று தெரியாதவற்றைத்தான் அவர்கள் கறை என்பார்களாம். தெரிந்துவிட்டால் அது எழுதிவைக்க வேண்டிய விஷயம், அதைப் போக்கக் கூடாது என்றார். அதனால் மிச்சமிருக்கும் மஞ்சளை இனிமேல் யாரும் தொட வேண்டாம்.

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எந்த விரல் என்று கேட்டார். மோதிர விரல் என்று காட்டினேன். எழுதினார். என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டார். எழுதினார். ஊர்ப் பெயரைக் கேட்டார். கோலா சிலாங்கூர் என்பதை இரண்டு தடவை சொல்லவைத்துச் சரிபார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, வெயிலில் போட்டதற்காக என்னைத் திட்டினார். மொழிபெயர்க்கவே தேவையில்லாத திட்டு. அதை வாங்கிக்கொண்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட மனசு இவ்வளவு ஆறியிருக்காது. பிறகு அவருக்கு அடுத்த டிரிப் நேரமாகிவிட்டது, ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிப் போன அழுகை. அந்தப் பெண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் முழுக்கத் தீர்ந்திருந்ததா என்று தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா விஷயம் தெரிந்து ஓடி வந்து, ஆளுக்கொரு கப் மைலோ கலக்கிக் கொடுத்தார். “நாந்தான் மடிக்கச் சொன்னேன்” என்று அவரிடம் தானாகவே ஒத்துக்கொள்ளவும் செய்தார்.

மைலோவைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. சின்ன லோரி ஓட்டும் ஓர் அண்ணன் போன மாதம் கொடுத்தது, அவருடைய அம்மா தோட்டத்தில் இருந்தபோது துணி வைத்திருந்த பெட்டி. உள்ளே ஒரே அழுக்காக இருந்தது. அந்த வாரம் சுரண்டி, பச்சைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று டின்னும் பிரஷும் வாங்கி அதன்மேலேயே வைத்திருந்தேன். ஏப்ரன் கவலையில் அதைத் தொட நேரமில்லை.

கப்பை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். டின்னை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில், நான் அழுக்கு என்று நினைத்த இடத்தில், வரிசை வரிசையாக இழுப்புகள். விரல் அகலம். சில பழுப்பு, சில இன்னும் மஞ்சள். வெயில் படாத இடம், அதனால் அழியவில்லை. அந்த அண்ணனுக்கு போன் போட்டேன்.

“அதுவா? தீவாளிக்குத் தீவாளி எங்க எல்லாரு துணிக்கும் மஞ்ச வச்சிட்டு, வெரல்ல இருக்கற மிச்சத்த அம்மா அதுலதான் தொடைக்கும்” என்றார். பிறகு கேட்டார். “அழிச்சிட்டீங்களாக்கா?”

“இல்லண்ணே” என்றேன். “அழிக்கல. அப்படியே இருக்கு.”

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடிந்ததே, அதற்காக எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் என் கையில் மாட்டித் தப்பாத பொருட்கள் அலமாரி நிறைய இருந்தன. வெட்டுக் கத்தியின் கைப்பிடியில் ஏதோ கீறல்கள் இருந்தன, உப்புத்தாள் போட்டு வழித்தது நான்தான். அவை என்ன என்று கேட்க அந்தக் கத்திக்காரர் இப்போது இல்லை. அதற்கு மட்டும் சமாதானம் கிடையாது.

பச்சைப் பெயிண்டை அக்கா தன் வீட்டுக் கேட்டுக்கு அடித்துக்கொண்டார். மையத்தில் இப்போது ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. யார் எதைக் கொண்டுவந்தாலும் துடைக்கும் துணியை எடுப்பதற்கு முன் பேனாவை எடுக்கிறேன். இந்த வெடிப்பு எப்படி வந்தது, இந்தக் கறை யார் வைத்தது என்று கேட்டு எழுதுகிறேன். அதன் முதல் பக்கத்தில் என் ஏப்ரன் விஷயத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். சில மாதம் கழித்து அந்தப் பெண்மணி, அவர்கள் ஊர்ப் பேரேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த எழுத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, என் பெயரையும் கோலா சிலாங்கூரையும் தவிர. இஸ்திரி போட்டுச் சுட்ட கல்யாணப் பெண்ணுக்கு நேர் கீழே எழுதியிருந்தார்கள்.

நான் ஒருநாளும் போகப்போகாத ஓர் ஊரில், மறைத்துவிடப் பார்த்த என் தப்பு என் பெயரோடு பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்த வண்டி மூன்று மணி நேரம் முன்னதாக வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றுதான் தோன்றுகிறது.